முப்பத்தைந்தாம் வாய்ப்பாடும் இடது கையும்

வாய்ப்பாடு விஷயத்தில் நான் ஒரு ராட்சசி. துபாய்க்கு வடக்கே ராஸ் அல் கைமாவில் எங்கள் ஃபிளாட்டுக்கு டியூஷன் வரும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும். பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்லாத பிள்ளையை அல்ஜீப்ரா புத்தகம் திறக்க விடமாட்டேன். கால்குலேட்டரை வாசலில் செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயசுதான், ஆனால் பிள்ளைகள் என்னை எழுபது வயசுக்காரி மாதிரிப் பார்க்கும். பார்க்கட்டுமே!

ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தார். அவர் சிமென்ட் ஃபேக்டரியில் இன்ஜினியர். குவைத்தில் ஃபஹாஹீலில் எட்டு வருஷம் இருந்துவிட்டு அந்த வேலைக்காகத்தான் இங்கே வந்தோம். ஃபேக்டரியை வருஷத்துக்கு ஒருமுறை நிறுத்திப் பழுது பார்க்கும்போது சாரம் கட்ட கான்ட்ராக்ட் ஆட்கள் வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு வாய்ப்பாடு சொல்லித்தர வேண்டுமாம்.

"வயசு என்ன?" என்றேன்.

"நாப்பத்தி ரெண்டு இருக்கும்."

"என்னங்க, விளையாடுறீங்களா?"

"இல்லம்மா. பரமக்குடி பக்கத்து ஆளு. ரொம்பத் தங்கமான மனுஷன். ஏதோ பரீட்சையாம். ஞாயித்துக்கிழமை அவருக்கு டியூட்டி கிடையாது. வரச் சொல்லட்டுமா?"

வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. நாற்காலியின் நுனியில் உட்காரும்போது இரண்டு முட்டியும் சடக்கென்று சத்தம் போட்டன. பி.காம். படித்தவர். ஆபீஸ் வேலை என்று சொல்லி ஏஜென்ட் சவுதியில் யான்புக்கு அனுப்பி, அங்கே ரிஃபைனரியில் சாரத்தில் ஏற்றிவிட்டிருக்கிறான். அப்போது ஏறியவர்தான், இங்கே வந்த பிறகும் சேர்த்துப் பதினேழு வருஷமாக இறங்கவில்லை. இந்த கான்ட்ராக்ட்டோடு சரி, முட்டி போனவர்களுக்கு இனிமேல் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம். பரீட்சையில் தேறினால் வேறு வேலை. அதில் சம்பளம் ஃபேமிலி விசா எடுக்கிற அளவுக்கு வரும். மனைவியும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளும் இரண்டு வருஷத்துக்கு ஒரு மாசம் மட்டும் பார்த்த மனிதர்.

"தேறலைன்னா ஊருக்குப் போகணும் டீச்சர். ஊர்ல போய் இந்த முட்டிய வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்று சிரித்தார். எனக்கு மனசு இளகிவிட்டது. சரி அண்ணே, ஆரம்பிப்போம் என்று நோட்டைத் திறந்தேன்.

ஆனால் அவர் கேட்டது விசித்திரமாக இருந்தது. அஞ்சாம் வாய்ப்பாடு, எட்டு, பதினொன்று, பதினேழு, முப்பத்தைந்து. அவ்வளவுதான். ஏழு வேண்டாம், ஒன்பது வேண்டாம். முப்பத்தைந்தாம் வாய்ப்பாட்டை யாராவது படிப்பார்களா? எனக்கே பெருக்கித்தான் சொல்ல வரும். சாரம் கட்டுகிற பைப்பில் ஏதோ அளவு போலிருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றபடியே முப்பத்தைந்தை இருபது வரை கடகடவென்று ஒப்பித்தார். சாரத்தில் உட்கார்ந்து கம்பி முறுக்கும்போதே சொல்லிச் சொல்லிப் பழகினாராம். பதினேழும் அப்படியே. என் ஒன்பது வருஷ டியூஷனில் இப்படி ஒரு மாணவரை நான் கண்டதில்லை. பெருமை தாங்காமல், "அண்ணே, இது என்ன பரீட்சை? இப்பவாவது சொல்லுங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். வடக்கே கடற்கரையில் எழும்புகிறதே ஒரு பெரிய ஹோட்டல், அதற்குள் கேசினோ வருகிறது. அதில் ரூலெட் மேஜையில் நின்று சக்கரம் சுற்றிவிட்டு, ஜெயித்தவர்களுக்குக் கணக்குப் பார்த்துப் பணத்துக்குப் பதிலான காய் கொடுக்கிற டீலர் வேலை. லீவு நாட்களில் ஒரு பயிற்சி நிலையத்தில் அதைச் சொல்லித் தருகிறார்கள். கடைசியில் மேஜையில் நிற்க வைத்து ஒரு டெஸ்ட் உண்டு. தேறினால் ஹோட்டல் எடுத்துக்கொள்ளும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சூதாட்டத்துக்கா நான் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தேன்? இந்த ஊரில் அப்படி ஒன்று வரும் என்று ஐந்தாறு வருஷத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் வாயை மூடு என்று சொல்லியிருப்போம். இப்போது முறையாக உரிமம் வாங்கியே வருகிறது, அது வேறு விஷயம். ஆனால் என் சாப்பாட்டு மேஜையிலா! விறுவிறுவென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே எடுத்து மறுபடி டம் டம் என்று கழுவினேன்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "ஏம்மா, என்ன ஏதுன்னு கேட்டுட்டாவது திட்டேன்."

"கேக்க என்ன இருக்கு? ஊரை ஏமாத்துற வேலை."

"ஏமாத்துறாங்களான்னு கணக்குப் போட்டுப் பாரு. நீதான் கணக்கு டீச்சராச்சே."

அங்கேதான் என்னை மடக்கினார் மனுஷன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அண்ணன் எங்கள் மகளின் டிராயிங் நோட்டில் கட்டம் போட்டுக் காட்டினார். சக்கரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள். கூடவே ஒரு பூஜ்யம். ஆக முப்பத்தேழு குழி. அதே எண்கள் மேஜையிலும் கட்டம் கட்டமாக இருக்கும். ஒருவர் ஒரு எண்ணில் ஒரு காய் வைத்து, சக்கரத்தில் உருளும் குண்டு அந்தக் குழியில் விழுந்தால் முப்பத்தைந்து காய் கொடுக்க வேண்டும், அவர் வைத்த காயும் அவருக்கே. இரண்டு எண்ணுக்கு நடுவில் கோட்டில் வைத்தால் பதினேழு. மூன்று எண்ணுக்குச் சேர்த்து வைத்தால் பதினொன்று, நான்கு எண் சந்திக்கும் மூலையில் வைத்தால் எட்டு, ஆறு எண்ணுக்கு ஐந்து. அதற்குத்தான் அந்த வாய்ப்பாடுகள்.

நான் பென்சிலை வாங்கினேன். முப்பத்தேழு எண்ணிலும் ஆளுக்கு ஒரு காய் வைக்கட்டும். முப்பத்தேழு காய் உள்ளே போகிறது. ஒருவர் ஜெயிக்கிறார். முப்பத்தைந்தும் அவருடைய ஒன்றும் சேர்த்து முப்பத்தாறு வெளியே வருகிறது. மீதி ஒன்று?

"அந்த ஒண்ணுதாங்க டீச்சர் ஹோட்டல்" என்றார்.

இரண்டு எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன், நான்கு எண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் அதே ஒரு குழி இடிக்கிறது. அடேங்கப்பா! குண்டில் காந்தம் இல்லை, சக்கரத்தில் தில்லுமுல்லு இல்லை. யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் போகப்போக முப்பத்தேழில் ஒன்று அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே ராத்திரியில் யாராவது அள்ளிக்கொண்டும் போகலாம், அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. சக்கரம் நாளைக்கும் சுற்றும். கோபம் போன இடம் தெரியவில்லை. கணக்கு டீச்சருக்குள்ளே இருக்கிற அந்தப் பாழாய்ப்போன மனசு, இதைப் போட்டவன் மூளைக்காரன் என்று சொக்கிப்போய் நின்றது.

"அப்போ போக்கர்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு எப்போதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்.

போக்கரில் ஹோட்டல் ஆடுவதே இல்லையாம். ஆடுகிறவர்கள் தங்களுக்குள்தான் ஆடிக்கொள்கிறார்கள். மேஜையும் சீட்டும் சீட்டுப் போடுகிற ஆளும் ஹோட்டலுடையது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவிகிற காயிலிருந்து ஒரு சின்னப் பங்கை டீலர் எடுத்து, மேஜையில் இருக்கும் துவாரத்தில் போட்டுவிடுவார். நாலு பேர் விடிய விடிய ஆடினால் நாலு பேர் காயும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். "நம்ம வீட்டு ஓனர் மாதிரி" என்றார் வீட்டுக்காரர். "நாம உள்ள சண்டை போட்டாலும் சரி, கொஞ்சிக்கிட்டாலும் சரி, அவருக்கு வாடகை வந்துரும்."

இருபத்தொன்று என்று ஒரு சீட்டாட்டம். அதில் ஆடுகிறவர் முதலில் சீட்டு வாங்க வேண்டும், டீலர் கடைசியில். கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டிவிட்டால் ஆடுகிறவர் அப்போதே அவுட். பின்னால் டீலரும் தாண்டினாலும் போன காய் போனதுதான். "முதல்ல முந்திக்கிட்டுப் போறவருதான் மாட்டுவாரு டீச்சர், அந்த வரிசையிலதான் இருக்கு எல்லாம்" என்றார். இவ்வளவு லேசாக இவ்வளவு பெரிய கட்டடத்தைக் கட்டிவிட முடியுமா என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

"அதனாலதான் வேகம் கேக்குறாங்க. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை சக்கரம் சுத்துதோ அத்தனை தடவை அந்த ஒண்ணு. நான் கணக்குல தடுமாறி நின்னா ஹோட்டலுக்கு நட்டம்."

கேட்டே விட்டேன். "அண்ணே, தோக்குறவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நிக்கணுமே. மனசு கேக்குமா?"

"தெரியலைங்க டீச்சர். நான் லாட்டரி சீட்டு கூட வாங்கினது இல்ல. ஆனா நாப்பத்தி ரெண்டு வயசுல என்னை யாரு வான்னு கூப்பிட்டா சொல்லுங்க? இவங்க கூப்பிட்டாங்க." பதினேழு பதிமூணு என்னன்னு சொல்லுங்க என்றேன். இருநூத்தி இருபத்தொண்ணு என்றார், நான் வாயை மூடுவதற்குள்.

டெஸ்ட் அன்று நானும் வேண்டிக்கொண்டேன். எதற்கு வேண்டிக்கொள்கிறாய் என்று பிள்ளையார் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க முடியாது. சாயங்காலம் அண்ணன் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"ஃபெயில் டீச்சர்."

"என்னது! கணக்குல எங்க விட்டீங்க?"

"கணக்கு எல்லாம் ரைட்டு. கைதான் தப்பாப் போச்சு."

மேஜைக்கு அந்தப் பக்கம் வலதுபுறம் ஆள் உட்கார்ந்திருந்தால் வலது கையால் காயைத் தள்ள வேண்டும், இடதுபுறம் உட்கார்ந்திருந்தால் இடது கையால். ஒரு கை இன்னொரு கையைத் தாண்டி நீளக்கூடாது, தாண்டினால் மேலே இருக்கும் கேமராவுக்கு மறைக்கும். இவருக்கு இடதுபுறம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தாராம். வேகமாகக் கணக்குப் போட்டு, காயை அடுக்கி, தள்ளப்போன நேரத்தில் இடது கை நின்றுவிட்டது. வலது கை தானாகக் குறுக்கே பாய்ந்துவிட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"வயசுல பெரியவருக்கு எப்படி டீச்சர் இடது கையால நீட்டுறது? வகுப்புல சின்னப் பசங்க எதிர்ல உக்காந்திருந்தப்ப எப்படியோ ஒப்பேத்திட்டேன். அந்த வெள்ளைத் தாடியப் பாத்ததும் கை வரலை." இரண்டு வாரம் கழித்து இன்னொரு வாய்ப்பு. அதோடு முடிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் எங்கள் மகள் இடது கையால் எதை நீட்டினாலும் பட்டென்று கையில் அடி போட்டு, வலது கைக்கு மாற்றிய பிறகுதான் நான் வாங்குவேன். இந்த விஷயத்தில் அண்ணனும் நானும் ஒரே ஜாடி ஊறுகாய். இவருக்கு நான் எப்படிச் சொல்லித்தருவது?

விட்டேனா பார் என்று இறங்கினேன். கேரம் காய்களை எடுத்தேன், பக்கத்து ஃபிளாட்டில் இன்னொரு செட் வாங்கினேன். இருபது இருபதாக அடுக்கி, சாப்பாட்டு மேஜையில் கோடு போட்டு, வீட்டுக்காரரை வலதுபுறம் உட்கார வைத்து, இடதுபுறம் நான் உட்கார்ந்தேன். "யல்லா, ஆரம்பிங்க அண்ணே." வீட்டுக்காரருக்குக் காய் சரசரவென்று போனது. என் பக்கம் வரும்போது இடது கை பாதியில் நின்றது.

"ஏன் நிறுத்துறீங்க?"

"நீங்க மூஞ்சியச் சுளிக்கிறீங்க டீச்சர்."

"நானா?"

"சுளிக்கிறம்மா" என்றார் வீட்டுக்காரர். "ஒவ்வொரு தடவையும் சுளிக்கிற. நானே பாத்தேன்."

அவ்வளவு சங்கடமாக இருந்தது எனக்கு. தப்பு அவர் கையில் மட்டும் இல்லை, என் முகத்திலும் இருந்தது. அன்றைக்கே உத்தரவு போட்டேன். இரண்டு வாரத்துக்கு இந்த வீட்டில் டீ, தண்ணீர், ரிமோட், சாவி எல்லாம் இடது கையால்தான் கொடுக்க வேண்டும், இடது கையால்தான் வாங்க வேண்டும். திருநீறு மட்டும் வலது கை, அதில் சமரசம் கிடையாது. மகளுக்கு ஒரே குஷி. "அம்மா, ரூல் சேஞ்ச் பண்ணிட்டீங்களா? ஃபார் ரியல்?" என்று கேட்டுவிட்டு வேண்டுமென்றே ஒரு நாளைக்கு நூறு பொருளை இடது கையால் என்னிடம் நீட்டினாள். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினேன். நாலாம் நாள் எந்தக் கை என்றே பார்க்கவில்லை.

அண்ணன் டியூட்டி முடிந்து, ஆட்கள் தங்குகிற கேம்ப்பிலிருந்து தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். டீ கிளாஸை இடது கையால் நீட்டுவேன். முதலில் நெளிந்தார். "வாங்குங்க அண்ணே, ஆறிடும்." வாங்கினார். கேரம் காயைத் தள்ளும்போது நான் நேராக அவர் கண்ணைப் பார்த்துச் சிரித்தேன், ஒரு சுளிப்பும் இல்லாமல். ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் எனக்காக நாலு காய் ஒரு எண்ணில், மூணு காய் கோட்டில், ரெண்டு காய் மூலையில் என்று சகட்டுமேனிக்கு வைத்தார். "இருநூத்தி ஏழு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் இடது கையால் இருந்த அடுக்கை எல்லாம் என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்து மேலே காட்டினார். கையில் எதையும் ஒளிக்கவில்லை என்று கேமராவுக்குக் காட்டுகிற வழக்கமாம். எங்கள் வீட்டு ஃபேனுக்குக் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இரண்டாவது டெஸ்ட்டில் தேறிவிட்டார். போனில் சொல்லவில்லை, நேரே வந்து கதவைத் தட்டினார். நான் போட்ட கூச்சலில் எதிர் ஃபிளாட் கதவு திறந்தது. உட்கார வைத்துக் கேசரி கிளறிக் கொடுத்தேன். அரைத் தட்டு சாப்பிட்டுவிட்டு அண்ணன் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"டீச்சர், ஒரு உதவி. வீட்டுல நீங்கதான் சொல்லணும்."

"இன்னுமா சொல்லலை?"

"ஹோட்டல் வேலைன்னு மட்டும் சொல்லியிருக்கேன். சூதாட்டம்னு தெரிஞ்சா அவ என்ன நினைப்பாளோ. உங்களைப் பத்தி அவகிட்ட நிறைய சொல்லியிருக்கேன். டீச்சர் சொன்னா கேப்பா."

வீடியோ காலில் அண்ணி வந்தார். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே, "வணக்கம் டீச்சரம்மா, நல்லாருக்கீங்களா?" என்றார். அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் எதையும் மறைக்கவில்லை. கேசினோ என்றேன், பந்தயம் கட்டி ஆடுவார்கள் என்றேன். முப்பத்தேழையும் முப்பத்தைந்தையும் விளக்கினேன். அண்ணன் ஆடமாட்டார், அங்கே வேலை செய்கிறவர்கள் ஆடவே கூடாது என்றேன். ஏமாற்று இல்லை, ஆனால் கடைசியில் ஹோட்டல்தான் ஜெயிக்கும், அதையும் சொன்னேன். அண்ணி இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தனாவது மாடிங்க?" என்றார்.

"என்னது அண்ணி?"

"அந்த வேலை. எத்தனாவது மாடியில நின்னு செய்யணும்?"

நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். "கீழ்த்தளந்தாங்க" என்றார் மெதுவாக.

"தரையில அண்ணி. கீழ்த்தளம்."

"தரையிலயா? ஏறவே வேண்டாமா?"

"வேண்டாம் அண்ணி. கார்ப்பெட் போட்ட தரை."

படத்தில் அண்ணியின் முகம் நகர்ந்து சுவர் தெரிந்தது. தேம்புகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்தார். "பதினேழு வருஷமா போன் மணி அடிச்சாலே கையில இருக்கிறதப் போட்டுட்டு ஓடுவேங்க டீச்சரம்மா. எடுத்து அவரு குரலைக் கேக்குற வரைக்கும் உசிரு இருக்காது. தரையில நிக்கிறாருன்னா போதும். யாரு ஜெயிச்சா எனக்கென்ன?"

திரும்பினேன். அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், கண் நிறைந்து வழிந்தது.

"ஒரு நாளும் சொன்னதில்லீங்க டீச்சர்" என்றார். "ஒரு நாள் கூட எங்கிட்ட சொன்னதில்ல."

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டோம்.